ஜூலியஸின் இரண்டாம் சாட்சி

1

முதல்லயே சொல்லிடுறேன், கதைன்னு நெனச்சு நான் இதை ஆரம்பிக்கல. சபையில சொல்றதுக்கு ஒரு சாட்சி எழுதிக் கொடுக்கச் சொன்னாங்க. ஒரு பக்கம் போதும்னாங்க. அந்த ஒரு பக்கத்தை எழுதி, அழிச்சு, திரும்ப எழுதி, அதுல நிக்காம வெளிய கொட்டினதெல்லாம்தான் நீங்க இப்பப் படிக்கிறது.

சாட்சின்னா என்னன்னு எனக்கும் அப்பத் தெரியாது. எங்க வீட்டுல முனீஸ்வரர் படம்தான் இருக்கு. கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். கூலிம்ல கடைவீட்டு மேல்மாடியில ஒரு சின்னத் தமிழ்ச் சபை. அங்க யாராவது நோயிலிருந்தோ குடியிலிருந்தோ மீண்டு வந்தா, ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாலயும் மைக் பிடிச்சு அதைச் சொல்லணும். முதல்ல எப்படிக் கெட்டேன், அப்புறம் எவ்வளவு ஆழத்துக்கு விழுந்தேன், ஆண்டவர் எப்படித் தூக்கிவிட்டார், இப்ப எப்படி இருக்கேன். நாலு பாகம். நாலாவது பாகத்துல எல்லாரும் கை தட்டுவாங்க.

நான் கம்பெனி பஸ் ஓட்டுறவ. பேரு பிரேமாவதி. கூலிம் ஹைடெக் பார்க்குல ஆளுங்களை ஷிப்டுக்கு எறக்கி விட்டுட்டு, முடிச்சவங்க வெளிய வர்ற வரைக்கும் வேலி ஓரத்துல அங்சானா மரத்தடியில பஸ்ஸை நிறுத்தி, ஃபோன்ல கதை எழுதுவேன். சிலது பத்திரிகையிலயும் வந்திருக்கு. அதனால என் பஸ்ல வர்ற பொண்ணுங்களுக்கு நான் கதாசிரியை. கல்யாணப் பத்திரிகை, லீவு லெட்டர், காதலனை விட்டுட்டு வந்தா அனுப்புற மெசேஜ், எல்லாத்துக்கும் என்கிட்டதான் வந்து நிப்பாங்க. ஜூலியஸும் அப்படித்தான் வந்தான். முன்ன என் பஸ்ல போனவன். இப்ப அந்த வேலை இல்ல, மோட்டார் பட்டறையில மோட்டார் சைக்கிள் கழுவுறான்.

"அக்கா, எனக்கு ஒரு சாட்சி எழுதிக் கொடுங்கக்கா. மனப்பாடம் பண்ணிக்கிறேன்."

"உன் கதையை நீயே சொல்ல வேண்டியதுதானே லா?"

"போன தடவை நானேதான் சொன்னேன். அதான் கெட்டுச்சு."

2

மூணு தொடக்கம் எழுதினேன்.

முதலாவது:

'கெடா மாநிலத்தின் பால்மரக் காட்டில், பொழுது விடியும் முன்னே எழுந்து மரம் சீவிப் பால் எடுக்கப் போன பரம்பரையில் வந்த ஜூலியஸ்…'

அட, நிறுத்து. ஜூலியஸ் பொறந்தது கூலிம் ஆஸ்பத்திரியில. வளர்ந்தது ஃப்ளாட்ல. பால்மரத்தை, அதான் ரப்பர் மரத்தை, அவன் கிட்டப் போய்த் தொட்டதுகூட இல்ல. அவன் தாத்தா வேலை செஞ்ச தோட்டத்து மேலதான் அவன் வேலை பார்த்த கம்பெனி நிக்குதுன்னு சொன்னா, "ஓ, அப்படியா"ம்பான். நம்ம ஊரு கதைன்னா ஒரு பால்மரம் நிக்கணும்னு என் கை தானா எழுதுது. என்னத்தச் சொல்ல.

இரண்டாவது:

'ஷாபு என்பது செயற்கையாகத் தயாரிக்கப்படும் ஒரு போதைப்பொருள். அதற்கு அடிமையானவர்கள் நாளடைவில்…'

ஜூலியஸ் படிச்சுட்டு மூக்கால சிரிச்சான். "பள்ளிக்கூடத்துல போலீஸ்காரங்க வந்து பேசுற மாதிரி இருக்குக்கா."

"அப்ப நீ சொல்லு, எப்படி ஆரம்பிச்சுதுன்னு."

சொன்னான். பன்னெண்டு மணி நேர ஷிப்ட், அதுக்கு மேல ஓவர்டைம். நின்னுக்கிட்டே தூங்குவான். அவன் லைன்ல கூட வேலை செஞ்ச புவனேசன்தான், "கொஞ்சம் இழுத்துப் பாரு, தூக்கம் வராது"ன்னு கொடுத்தது.

"முதல் தடவை எனக்கு என்ன தோணுச்சு தெரியுமாக்கா? நான் நல்ல அப்பன்னு தோணுச்சு. ஷிப்ட் முடிச்சுப் போய் துணி தொவச்சேன். சமைச்சேன். அமண்டாவைத் தோள்ல வச்சுக்கிட்டு பாசார்க் கடைங்க பூரா சுத்தினேன். ஜெனவீவ் கேட்டா, என்னங்க இன்னிக்கு இவ்வளவு குஷின்னு."

ஜெனவீவ் அவன் பொண்டாட்டி. அமண்டா மகள், இந்த வருஷம்தான் ஒன்னாம் வகுப்புக்குப் போறா.

இதை நான் எப்படி எழுதுறது, சொல்லுங்க? சாட்சியோட முதல் பாகம் 'எப்படிக் கெட்டேன்'. இவன் சொல்றது எப்படி நல்லா இருந்தேன்னு. சபையில இதைப் படிச்சா, நைட் ஷிப்ட் போற நாலு பசங்க புவனேசன் நம்பரைத் தேடுவாங்க.

மூணாவது:

'ஜூலியஸ் ஜன்னல்களுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தான்.'

இது நல்ல தொடக்கம். எனக்கே தெரியும். எழுதினதும் கடையில பாலில்லாத தே ஓ வாங்கிக் குடிச்சேன், அவ்வளவு சந்தோஷம். நடந்ததும் அதுதான். தூங்காம தூங்காம இருந்து மண்டைக்குள்ள சந்தேகம் பூந்துடுச்சு. யாரோ வீட்டை வேவு பாக்குறாங்கன்னு முதல்ல ஃபேனைக் கழட்டினான். அப்புறம் ரேடியோ, வாஷிங் மெஷின், அமண்டாவோட சின்னப் பியானோ. எதையும் திரும்ப மாட்டத் தெரியல. கடைசியில எல்லா ஜன்னலுக்கும் உள்பக்கமா பலகை அடிச்சு, கதவுக்கு முன்னால அலமாரியைத் தள்ளி வச்சான். பொண்டாட்டி, பிள்ளை ரெண்டு பேரும் உள்ளதான். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் பின்கதவை உடைச்சுத்தான் அவங்களை வெளிய கூட்டிட்டு வந்தாரு. அன்னிக்கே ஜெனவீவ் பிள்ளையைத் தூக்கிட்டு ஜித்ராவுல இருக்கிற அம்மா வீட்டுக்குப் போயிட்டா.

ஜூலியஸ் இந்தத் தொடக்கத்தைப் படிச்சான். ஃபோனைத் திருப்பிக் கொடுத்தான்.

"வேணாம்க்கா. அமண்டா முன்வரிசையில உக்காந்திருப்பா."

"அவளுக்குத் தெரியாததா? அவளும்தானே உள்ள இருந்தா?"

"தெரியும்க்கா. ஆனா என் வாயால கேட்டதில்ல."

அழிச்சேன். (அழிச்சதை இங்க ஏன் வச்சிருக்கேன்னு கேட்டீங்கன்னா, சபைக்குத்தான் ஒரு பக்கம். உங்களுக்கு இல்ல.)

3

இந்த ஆளை நான் நம்புறேனா?

கதை எழுதுறவளுக்கு வர்ற பெரிய வியாதி இது. எழுத எழுத அவன் நல்லவனாகிட்டே போறான். நான் எழுதுற பக்கத்துல ஜூலியஸ் அடிபட்டு, திருந்தி, கண்ணு கலங்கி நிக்கிறான். நிஜ ஜூலியஸ் அப்படி இல்ல. சிடுசிடுன்னு இருப்பான். சாப்பிட்டியான்னா சாப்பிட்டேம்பான், சாப்பிட்டிருக்க மாட்டான். பொய் அவன் வாயில எச்சில் மாதிரி ஊறுது. பழக்கம் போச்சு, பொய் இன்னும் போகல. விட்டு எத்தனை நாளாச்சுன்னு ஒரு தடவை கேட்டுட்டேன், கத்திட்டான்: "நாள் எண்ணாதீங்கக்கா! எல்லாரும் எண்ணுறீங்க. நான் என்ன ஜெயில்லயா இருக்கேன்?"

(எண்ணல. நீங்களும் எண்ணாதீங்க. பெண்டாங் பக்கம் வயக்காட்டு நடுவுல, இந்தப் பழக்கத்துலேருந்து மீள்றவங்களைத் தங்க வச்சுப் பாக்குற ஒரு வீட்டுல இருந்துட்டு வந்தான். வந்து சில மாசம் ஆச்சு. அது போதும்.)

பட்டறையில மத்தியானம் வேலை இல்லாதப்போ என் பஸ்ஸுக்கு வந்துடுவான். எப்பவும் வாயில ஒரு ஆசாம் பொய், அந்த உப்புப் புளிப்புப் பழம். நாக்குக்கு ஏதாவது வேலை இருந்துக்கிட்டே இருக்கணுமாம். பட்டறையிலேருந்து நேரா வந்தா ரெண்டு நிமிஷம், ஆனா பாசாரைச் சுத்தித்தான் வருவான். நேர் ரோட்டுல புவனேசன் உக்கார்ற சாப்பாட்டுக்கடை இருக்கு. யாராவது பக்கத்துல லைட்டரைத் தட்டினா எழுந்து போயிடுவான்.

ஒருநாள் என் ஸ்டேரிங் பக்கத்துல இருக்கிற குட்டி ஃபேன் கிறீச்சுன்னு கத்திச்சு. "கொடுங்கக்கா, சரி பண்றேன்"னு திருப்புளியைக் கையில எடுத்தான். ஒரு திருகாணியைக் கழட்டினான். ரெண்டாவதைக் கழட்டும்போது அவன் முகத்துல ரத்தமே இல்ல. திருப்புளியை சீட்டு மேல வச்சுட்டு, கையைத் தொடைக்கு நடுவுல இறுக்கிக்கிட்டு உக்காந்தான்.

"வேணாம்க்கா. கழட்ட ஆரம்பிச்சா நான் நிறுத்த மாட்டேன்."

அந்த ஃபேன் இன்னிக்கும் ஒரு திருகாணி இல்லாமத்தான் ஓடுது.

அப்பதான் நான் அவனை நம்ப ஆரம்பிச்சேன். காரணம் கேட்டா சரியா சொல்லத் தெரியல.

4

போன தடவை என்ன கெட்டுச்சுன்னு இப்பச் சொல்லணும். இல்லன்னா உங்களுக்குப் புரியாது.

போன வருஷம், ஜன்னலுக்குப் பலகை அடிச்சதுக்கு ரொம்ப முன்னாடி, ஜூலியஸ் ஒரு தடவை இதை விட்டான். வீட்டுலயே கதவைச் சாத்திக்கிட்டு, தூங்கி, சாப்பிட்டு, அழுது விட்டான். பாஸ்டர் தினம் வந்து ஜெபம் பண்ணினாரு. நல்ல மனுஷன், அவரை நான் குத்தம் சொல்ல மாட்டேன். கொஞ்சம் தெளிஞ்சதும், "பிரதர், இந்த ஞாயிறு சாட்சி சொல்லுங்க"ன்னாரு. அவங்க வழக்கம் அது. ஒருத்தன் மீண்டுட்டா சபை அதைக் கேக்கணும், சந்தோஷப்படணும். யாருக்குத்தான் அவசரம் இருக்காது?

அந்த வீடியோ இன்னும் இருக்கு. ஜெனவீவ் எனக்கு அனுப்பினா. வெள்ளைச் சட்டை, கழுத்து வரைக்கும் பட்டன். மூணு பாகத்தையும் சொல்றான். நாலாவதுக்கு வர்றான். "இப்ப நான் அதைத் தொடுறதில்ல"ங்கிறான். மைக்கை இன்னொரு கைக்கு மாத்துறான். அப்புறம், "ஆனா…"ங்கிறான்.

அந்த எடத்துல குரல் கம்முது. சபையில ஒரு வழக்கம் இருக்கு. சாட்சி சொல்றவன் தொண்டை அடைச்சு நின்னா, கூடியிருக்கிறவங்க கை தட்டி அவனைத் தாங்கிக்குவாங்க. பாசம்தான். முன்வரிசையில ஒரு அம்மா தட்டுறாங்க. அப்புறம் எல்லாரும். கீபோர்டுக்காரன் வாசிக்க ஆரம்பிக்கிறான். பாஸ்டர் வந்து தோள்ல கை போட்டு, "அல்லேலூயா சொல்லுங்க!"ங்கிறாரு. ஜூலியஸ் சிரிக்கிறான். மைக்கைக் கொடுத்துட்டு எறங்கிடுறான்.

அவன் சொல்ல வந்தது இது. பஸ்ல வச்சு என்கிட்டச் சொன்னான்:

"ஆனா எனக்கு இன்னும் ஆசை போகல, யாராவது என்கூட இருங்கன்னு சொல்ல வந்தேன்க்கா."

அவ்வளவுதான். ஒரே ஒரு வரி.

அதுக்கப்புறம் அவன் சபையில ஜெயிச்சவன். பாக்குறவங்க எல்லாம் கை கொடுத்தாங்க. குடிகாரப் பிள்ளைங்களைப் பெத்தவங்க, "ஜூலியஸ் பிரதரைப் பாருடா"ன்னாங்க. யாரும் அவனைக் கேக்கல, இன்னிக்கு எப்படி இருக்கீங்கன்னு. கேக்கத் தேவையில்லையே, முடிஞ்சுபோன விஷயம். அப்படி முடிஞ்சவன், திரும்ப ஆசை வந்து நெஞ்சைப் பிராண்டும்போது யார்கிட்டப் போய்ச் சொல்வான்? புவனேசன்கிட்டத்தான் போனான். அவன் ஒருத்தன்தான் அவனைப் பார்த்து ஆச்சரியப்படாதவன்.

எனக்கு அந்த வீடியோவைப் பாக்கப் பாக்கக் கோபம் வருது. யார் மேலன்னு தெரியாத கோபம்.

5

பெண்டாங்குலேருந்து வந்தப்புறம் இந்தத் தடவை நெலமை வேற. ஆசை வருதாடான்னு கேட்டேன்.

"வருது. சமாளிக்கிறேன். புவனேசன் நம்பரைக்கூட அழிச்சுட்டேன்."

"நல்லது."

"மனசுல இருக்குக்கா. நீங்க எழுதிக் கொடுத்த ரெண்டு வரி மனப்பாடம் ஆக மாட்டேங்குது. அந்த நம்பரைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்."

ஜன்னல் வழியா ஆசாம் பொய் கொட்டையைத் துப்பினான். அப்புறம், சொல்லலாமா வேணாமான்னு ஒரு பார்வை பார்த்தான்.

"ஆசைகூடப் பரவால்லக்கா. இன்னொன்னு இருக்கு."

"என்னா?"

"ஒன்னுமே தோண மாட்டேங்குது. சோறு சோறா இருக்கு, அவ்வளவுதான். பாட்டு கேட்டா சத்தம். தீபாவளி, கிறிஸ்மஸ், எதுவும் உள்ள எறங்க மாட்டேங்குது. கிளினிக்ல கவுன்சலர் அம்மா சொன்னாங்க, மூளை அப்படித்தான் இருக்குமாம், மாசக்கணக்குல ஆகுமாம், மெதுவாத் திரும்புமாம். சரின்னு விட்டுட்டேன். போன மாசம் ஜெனவீவ் அமண்டாவைக் கூட்டிட்டு வந்தா, பஸ் ஸ்டேஷன்ல வச்சு. அமண்டா ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடிச்சா. இறுக்கி."

இன்னொரு ஆசாம் பொய்யை எடுத்து, வாயில போடாம கையில உருட்டினான்.

"எனக்கு ஒன்னும் வரலக்கா. மூட்டை ஒன்னு மேல வந்து மோதின மாதிரி இருந்துச்சு. என் பிள்ளைக்கா! நான் சிரிச்சேன். சிரிக்கணும்னு தெரிஞ்சு சிரிச்சேன்."

நான் எழுதிக்கிட்டிருந்த ஃபோனைக் கீழ வச்சுட்டேன். ஐம்பது வயசுக்கு மேல ஆச்சு, எத்தனையோ கேட்டிருக்கேன், இது மாதிரி கேட்டதில்ல. அவன் அழல. அழறதுக்கும் ஏதாவது தோணணுமே. நான்தான் ஸ்டேரிங் மேல தலையை வச்சு அழுதேன். ஹாரன் அடிச்சுடுச்சு. கேட்டுல காவலுக்கு இருக்கிற கார்டு வெளிய வந்து எட்டிப் பார்த்தான்.

6

ஜெனவீவ் எனக்கு ஃபோன் பண்ணினா. அவளும் முன்ன என் பஸ்ல வந்தவதான், அமைதியான பொண்ணு. இப்ப ஜித்ராவுல ஒரு பேக்கரி கவுண்டர்ல நிக்கிறா.

"அக்கா, அவருக்கு நீங்கதான் எழுதிக் கொடுக்கிறீங்களாமே."

"ஆமாம்மா. பாதி எழுதியிருக்கேன்."

"அழகா எழுதிடாதீங்கக்கா."

ஃபோனைக் காதோட சேத்துப் பிடிச்சேன்.

"நான் அந்த வீடியோவை எத்தனையோ தடவை பார்த்துட்டேன். அவரு 'ஆனா'ன்னு ஏதோ சொல்ல வந்தாரு. அப்ப நானும்தான்க்கா கை தட்டினேன். வீடியோவுல தெரியும், பச்சைச் சேலை. அதுக்கப்புறம் என்ன சொல்ல வந்தாருன்னு வீட்டுக்குப் போயும் நான் கேக்கல. சந்தோஷமா இருந்தோம், அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன். இந்தத் தடவை நான் அந்த வரியைக் கேக்கணும். அதுக்குத்தான் வர்றேன். பிள்ளையையும் கூட்டிட்டு."

"கேட்டா? அவன் இன்னும் முழுசா சரியாகலன்னு சொன்னா அவன்கிட்டத் திரும்பி வந்துடுவியா?"

"தெரியலக்கா." கவுண்டர்ல யாரோ கூப்பிடுற சத்தம் கேட்டுச்சு. "சொன்னா வருவேனான்னு எனக்கே தெரியல. சொல்லலன்னா வரமாட்டேன். அது மட்டும் தெரியும்."

ஜூலியஸ்கிட்ட இதைச் சொல்லாதீங்கன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டா. சொல்லிட்டா அவன் அவளுக்காகச் சொல்வானாம், தானா சொல்ல மாட்டானாம்.

(கதையில இது ரொம்ப வசதியான சத்தியம்னு நீங்க நெனக்கலாம். நானும் நெனச்சேன். ஆனா அவ நிஜமாவே வாங்கிட்டா, நான் என்ன பண்றது?)

7

நாலாவது பாகத்துக்கு மூணு முடிவு எழுதினேன்.

முடிவு அ:

'இன்று எனக்கு அந்த ஆசை அறவே இல்லை. என் உள்ளம் மகிழ்ச்சியால் நிரம்பி வழிகிறது. என் அருமை மகளை அணைக்கும்போதெல்லாம் ஆண்டவரின் அன்பை உணர்கிறேன்.'

கை தட்டல் நிச்சயம். தமிழும் நல்லா இருக்கு. போன தடவை எங்க கொண்டுபோய் விட்டுச்சோ, இதுவும் அவனை அங்கதான் கொண்டுபோய் விடும். எல்லாரும் கை கொடுப்பாங்க, யாரும் கூட இருக்க மாட்டாங்க. ஜெனவீவ் அடுத்த பஸ்ல ஜித்ராவுக்குத் திரும்பிடுவா.

முடிவு ஆ:

'ஆசை இன்னும் போகவில்லை. சந்தோஷம் இன்னும் வரவில்லை. என் மகள் என்னைக் கட்டிப்பிடித்தபோது எனக்கு…'

இதை முடிக்க என்னால ஆகல. முன்வரிசையில வெள்ளை சாக்ஸ் போட்டுக்கிட்டு ஒரு பிள்ளை உக்காந்திருக்கும். உன்னைக் கட்டிப்பிடிச்சா எனக்கு ஒன்னும் தோணலன்னு அப்பன் மைக்ல சொல்றதை அந்தப் பிள்ளை கேக்கணுமா? உண்மையைச் சொல்லு சொல்லுன்னு பஸ்ல உக்காந்துக்கிட்டு நான் சொல்லிடலாம். என் பிள்ளை இல்லையே.

முடிவு இ:

அவன் சபைக்கு வரல. சனிக்கிழமை சாயங்காலம் பாசாரைச் சுத்தாம, நேர் ரோட்டுல நடந்து போறான். புவனேசன் நாற்காலியை இழுத்துப் போடுறான். 'வா லா, ரொம்ப நாளாச்சு' என்கிறான்.

உண்மையைச் சொல்லணும்னா இதுதான் ரொம்ப நல்லா வந்துச்சு. ஒரு மூச்சுல எழுதினேன். ஒரு சொல்லு மாத்தல. இருட்டுன்னா எழுத்தாளன் கைக்கு வெண்ணெய் தடவின மாதிரி வழுக்கிட்டுப் போகுது. அதுல எனக்கு என் மேலயே எரிச்சல்.

மூணையும் ஜூலியஸ்கிட்டக் காட்டினேன். முதல் ரெண்டையும் வேகமாத் தள்ளிட்டான். மூணாவதை மட்டும் திரும்பத் திரும்பப் படிச்சான்.

"இதை மட்டும் எப்படிக்கா இவ்வளவு கரெக்டா எழுதினீங்க? நாற்காலியை இழுக்கிறது வரைக்கும்."

அவன் கையிலேருந்து ஃபோனைப் பிடுங்கி, அங்கயே அவன் முன்னாலயே அதை அழிச்சேன். இங்க மேல இருக்கிறது ஞாபகத்துலேருந்து எழுதினது. அந்த அளவுக்கு நல்லா வரல. நல்லதுதான்.

"அப்ப நான் எதைச் சொல்றதுக்கா?"

"மூணு பாகம் எழுதிட்டேன். நாலாவதை எழுத மாட்டேன். நீயே சொல்லு."

"அலாமாக்! கடைசி நேரத்துல கைவிட்டுட்டீங்களேக்கா!"

பஸ் படியில எறங்கும்போது கதவைக் கையால அறைஞ்சுட்டுப் போனான். மோசமான வார்த்தை ஒன்னும் சொன்னான். எழுதல.

8

ஞாயித்துக்கிழமை காலையில சபைக்காரங்களை ஏத்திட்டு வர என் பஸ்ஸைத்தான் கேட்டிருந்தாங்க. பஸ் ஸ்டேஷன்ல ஜெனவீவும் அவ அம்மாவும் அமண்டாவும் ஏறினாங்க. மாமியார்காரி என்கூடப் பேசல. வாயை இறுக்கிக்கிட்டு ஜெபமாலை மாதிரி கைப்பை வாரை உருட்டிக்கிட்டிருந்தாங்க. அமண்டா எனக்குப் பின்னாடி சீட்டுல உக்காந்து, திருகாணி இல்லாத ஃபேனையே பார்த்தா.

"ஆண்ட்டி, இது ஏன் ஆடுது?"

"உங்கப்பா பாதியில விட்டுட்டாரு."

"எங்க வீட்டுலயும் அப்படித்தான்." கொஞ்சம் யோசிச்சா. "அப்பா இன்னிக்குப் பாடுவாரா?"

"இல்லம்மா, பேசுவாரு."

"பொய்ச் சிரிப்பு சிரிப்பாரா?"

கண்ணாடியில பார்த்தேன். ஜெனவீவ் முகம் அப்படியே நின்னுடுச்சு. அமண்டா சாதாரணமாத்தான் சொன்னா, மழை வருமான்னு கேக்குற மாதிரி.

"எப்படித் தெரியும் பொய்ச் சிரிப்புன்னு?"

"பல்லு மட்டும் சிரிக்கும். அன்னிக்கு பஸ் ஸ்டேஷன்ல சிரிச்சாரே. எனக்குத் தெரியும். நான் ஒன்னும் சொல்லல, பாவம்."

இவளுக்காகத்தான் முடிவு ஆ-வை நான் பாதியில நிறுத்தினேன். இவளுக்காகத்தான் அவன் பயந்தான். எப்பவோ தெரிஞ்சு வச்சுக்கிட்டு, அப்பனுக்குச் சங்கடமா இருக்கும்னு இந்தப் பிள்ளை வாயை மூடிக்கிட்டிருக்கு. எனக்கு பஸ்ஸை ஓரமா நிறுத்தலாமான்னு இருந்துச்சு. நிறுத்தல, பின்னால சபையே உக்காந்திருந்துச்சு.

மேல்மாடி. பிளாஸ்டிக் நாற்காலி. ஏர்கோன் ஒன்னு ஓடுது, ஒன்னு சொட்டுது. நான் கடைசி வரிசையில, கதவுப் பக்கம். எனக்குப் பக்கத்து நாற்காலி காலி. உங்களுக்காகத்தான் பிடிச்சு வச்சேன். உக்காருங்க.

ஜூலியஸ் வந்துட்டான். வந்தானே, அதுவே எனக்கு உயிர் வந்த மாதிரி. அதே வெள்ளைச் சட்டை, இப்ப கழுத்துல தொங்குது. கன்னத்துக்குள்ள ஆசாம் பொய், முன்வரிசையில இருந்து பார்த்தா பல்வலின்னு நெனப்பாங்க. மைக்கை வாங்கினான். நான் எழுதின முதல் பாகத்தைச் சொன்னான். தடுமாறினான், ஆனா சொன்னான். ரெண்டாம் பாகத்துல, அவன் வேணாம்னு நான் அழிச்ச ஒன்னை அவனே சேர்த்துக்கிட்டான்: "என் வீட்டு ஜன்னலுக்கு நானே பலகை அடிச்சேன். என் மனைவியும் மகளும் உள்ள இருந்தாங்க." மகளைப் பார்த்துச் சொன்னான். அமண்டா காலை ஆட்டிக்கிட்டிருந்தா, நிறுத்திட்டா.

மூணாவது பாகம், பெண்டாங். அதையும் முடிச்சான்.

இப்ப நாலாவது. பேப்பர் இல்ல. எழுதினவ கடைசி வரிசையில உக்காந்திருக்கா, அவகிட்டயும் ஒன்னும் இல்ல. மைக்கை இன்னொரு கைக்கு மாத்துறான்.

"இப்ப நான் அதைத் தொடுறதில்ல," என்கிறான். "ஆனா…"

தொண்டை அடைச்சு நிக்கிறான்.

பாருங்க, முன்வரிசையில அதே அம்மா. ரெண்டு கையும் மடியிலேருந்து மேல வருது. நல்லவங்க. கீபோர்டுக்காரன் குனியுறான். பாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்திரிக்கிறாரு. ஜெனவீவ் ரெண்டு கையையும் தொடைக்குக் கீழ வச்சு அதுமேல உக்காந்திருக்கா. அமண்டா அப்பனோட பல்லைப் பாக்குறா.

நான் இந்தச் சபையில யாரு? பஸ் ஓட்டுறவ. சும்மா இருங்கன்னு நான் கத்தினா என்னைத்தான் வெளிய கூட்டிட்டுப் போவாங்க. கதைக்கு முடிவு கேட்டு யாராவது என்கிட்ட வந்தா, என்கிட்ட இல்ல. அது அவன் வாயில இருக்கு. ஆசாம் பொய்யை ஒதுக்கிட்டு இருக்கான், தெரியுது.

இவ்வளவு தூரம் என்கூட வந்தீங்க. ஒன்னே ஒன்னு கேக்குறேன். உங்க பக்கத்துல இருக்கிறவர் கையைத் தூக்குறாரு. மெதுவாப் பிடிச்சுக்குங்க. நீங்களும் தட்டாதீங்க.

அவன் வாயைத் திறக்கிறான்.